எலுமிச்சம்பழமும் டைமிங் பெல்ட்டும்



ஆயுத பூஜை அன்று கோயில் வாசலில் கார்கள் வரிசை பிடித்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் சந்தனம் குங்குமம், முன்னால் மாலை, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். குருக்கள் தீபம் காட்டியதும் அப்பா சாவியைத் திருப்புவார். பழம் நசுங்கும். அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். எனக்குப் பதினேழு வயதானபோது எங்கள் காரும் அந்த வரிசையில் நின்றது. அதே நேரத்தில் அந்தக் காரின் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள்ளே, ஒரு ரப்பர் பட்டை வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் பலருக்குத் தெரியாது.

இந்த மாதப் பாடம் அந்தப் பட்டையைப் பற்றியது. அதோடு சேர்த்து, எஞ்சினுக்கு எண்ணெய் எப்படி அளந்து போகிறது என்பதையும் பார்ப்போம். கொஞ்சம் பிசுக்கான பாடம்தான். ஆனால் உங்களில் பாதிப் பேர் லைசென்ஸ் எடுத்துவிட்டீர்கள், மீதிப் பேர் எடுக்கப் போகிறீர்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அன்றிரவு நடந்தது

எங்கள் கார் செகண்ட் ஹேண்ட் வாங்கியது. 90,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தது. பூஜைக்கு முன் எஞ்சின் எண்ணெய் மாற்றப் போனபோது பட்டறைக்காரர் அப்பாவிடம் சொன்னார்: “அண்ணே, டைமிங் பெல்ட் மாத்துன சீட்டு ஒன்னையும் காணோம். மாத்திடுங்க. நானூறு வெள்ளி ஆகும்.”

அப்பா யோசித்தார். நான் பக்கத்தில் நின்றேன். தீபாவளிக்குள் ஸ்போர்ட் ரிம் போட வேண்டும் என்று அந்த மாதம் முழுக்க அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தவன் நான். “கார் நல்லாத்தானே ஓடுதுப்பா. பெல்ட்ட பெறகு பாத்துக்கலாம்” என்று சொன்னதும் நான்தான். அப்பா என் பேச்சைக் கேட்டார். ரிம் வந்தது. கார் பளபளவென்று இருந்தது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இரவு தைப்பிங்கிலிருந்து போன். பெரியப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். “தம்பிய வரச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். பத்து மணிக்குக் கிள்ளானிலிருந்து கிளம்பினோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் செத்துவிட்டது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அப்பா எப்படியோ உருட்டி அவசரத் தடத்தில் நிறுத்தினார்.

சாவியைத் திருப்பினால் வழக்கமான ‘டுர் டுர்’ சத்தம் வரவில்லை. எதிலும் மாட்டாமல் சுற்றுகிற மாதிரி ‘விர்ர்’ என்று மெலிசான சத்தம். அம்மாவும் தங்கச்சியும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்மேட்டில் நின்றார்கள். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் ஆடியது. இழுவை வண்டி வர அதிகாலை மூன்று மணியாகிவிட்டது. விடிந்ததும் ஈப்போவில் பஸ் பிடித்துத் தைப்பிங் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. அன்று மாலையே காலமானார். தம்பியிடம் என்ன சொல்ல நினைத்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது வால்வுகள் வளைந்திருந்தன. பில் 2,600 வெள்ளி. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுந்த பெல்ட்டை மட்டும் கேட்டு வாங்கித் தன் சாமான் பெட்டியில் போட்டுக்கொண்டார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

எஸ்.பி.எம். முடித்ததும் நான் மோட்டார் வாகனப் படிப்பில் சேர்ந்ததற்கு அந்த இரவுதான் காரணம். ஒரு ரப்பர் பட்டை அறுந்தால் இரும்பு எப்படி வளையும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் நான்கு வேலை

1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ என்ற ஜெர்மானியர் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். நம் கார்களில் இன்றைக்கும் அடிப்படை அதுதான். உருளை வடிவக் குழி ஒன்று, அதுதான் சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போய் வரும் கட்டை பிஸ்டன். சிலிண்டரின் தலையில் கதவுகள் உண்டு, அவைதான் வால்வுகள். ஒன்று உள்ளே விடும் கதவு, மற்றது வெளியே விடும் கதவு.

முதல் வீச்சில் உள்கதவு திறக்கும், பிஸ்டன் கீழே இறங்கும், காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுபடும். இரண்டாவதில் கதவுகள் எல்லாம் மூடும், பிஸ்டன் மேலே ஏறிக் கலவையை நெருக்கும். மூன்றாவதில் ஸ்பார்க் பிளக் பொறி விடும், கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். காரை ஓட்டுகிற பலம் இந்த ஒரு வீச்சில்தான் கிடைக்கிறது. நான்காவதில் வெளிக்கதவு திறக்கும், பிஸ்டன் ஏறிப் புகையை வெளியே தள்ளும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுவது கீழே இருக்கும் கிராங்க் தண்டு. வால்வுகளை அமுக்கித் திறப்பது மேலே இருக்கும் கேம் தண்டு. நான்கு வீச்சு முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இதில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கிராங்க் சக்கரத்தில் 24 பல் இருந்தால் கேம் சக்கரத்தில் 48 பல் இருக்கும்.

இந்த இரண்டு சக்கரங்களையும் கட்டிப்போடுவதுதான் டைமிங் பெல்ட்.

பெல்ட் என்ன சாதாரண ரப்பரா?

பார்த்தால் கறுப்பு ரப்பர். ஆனால் உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. இழுத்தால் நீளாமல் இருப்பதற்கு அது. உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். பல்லின் மேல் தேயாமலிருக்க நைலான் துணி ஒட்டியிருக்கும். விசிறி பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் பரவாயில்லை, மழை நாளில் ‘கீச்’ என்று கத்திவிட்டு ஓடும். டைமிங் பெல்ட் வழுக்கவே கூடாது. அதனால்தான் அதற்குப் பல்.

முன்பெல்லாம் இந்த வேலையைப் பற்சக்கரமும் இரும்புச் சங்கிலியும் செய்தன. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற கார்தான் டைமிங் பெல்ட்டோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் கார். பெல்ட் சத்தம் போடாது, எடை குறைவு, விலையும் குறைவு, எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. அதனால் உலகம் முழுவதும் பரவியது. 1985-இல் வந்த நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகாவிலும் பெல்ட்தான்.

அந்தப் பெல்ட் படும் பாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். வினாடிக்கு 50 சுற்று. அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஊருக்குள்ளும் வெளியிலுமாகச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்றில், 80,000 கிலோமீட்டர் ஓடினால், கிராங்க் 24 கோடி முறை சுற்றியிருக்கும், ஒவ்வொரு வால்வும் 12 கோடி முறை திறந்து மூடியிருக்கும். அத்தனை முறையும் இழுத்துக் கொடுப்பது ஓர் அங்குல அகலம்கூட இல்லாத பட்டை.

உறுமி மேளத்தில் ஒருவர் தாளம் பிசகினால் காவடி எடுப்பவரின் கால் தடுமாறும், பிறகு சமாளித்துக்கொள்வார். எஞ்சினுக்குள் அந்தச் சமாளிப்பு கிடையாது.

அறுந்தால் என்ன ஆகும்?

இடத்தை மிச்சப்படுத்தவும் பலத்தைக் கூட்டவும், பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. வால்வு கீழே இறங்கும் நேரத்தில் பிஸ்டன் அங்கே இருக்காது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஏறிப் போயிருக்கும். இரண்டும் மோதாமல் இருப்பதற்கு ஒரே காரணம், பெல்ட் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒழுங்கு.

பெல்ட் அறுந்த கணத்தில் கேம் நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும. ஆனால் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கியரில் இருக்கிறது, டயர் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து திறந்து நிற்கும் வால்வை இடிக்கும். வால்வு வளையும். சில நேரம் பிஸ்டனே உடையும். எங்கள் காரில் நடந்தது இதுதான். வளைந்த வால்வு சரியாக மூடாது, சிலிண்டருக்குள் அழுத்தம் பிடிக்காது. சாவியைத் திருப்பியபோது கேட்ட அந்த ‘விர்ர்’ சத்தத்துக்கு அர்த்தம் அதுதான்: எஞ்சின் சுற்றியது, ஆனால் எதையும் நெருக்கவில்லை.

எல்லா எஞ்சினும் இப்படி இல்லை. சிலவற்றில் இரண்டுக்கும் போதுமான இடைவெளி உண்டு. பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். உங்கள் கார் எந்த வகை என்று பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெல்ட் அறுந்துதான் ஆபத்து வரவேண்டும் என்றில்லை. ஒரு பல் தாண்டினாலே போதும். 48 பல்லில் ஒரு பல் என்பது கேமில் ஏழரை பாகை, கிராங்கில் பதினைந்து பாகை. கார் ஓடும், ஆனால் இழுக்காது, நின்ற இடத்தில் நடுங்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும்.

“சத்தம் வந்தா மாத்துவோம்” என்று சொல்பவர்கள் நிறைய. அங்கேதான் ஏமாறுகிறோம். டைமிங் பெல்ட் பெரும்பாலும் சத்தம் போடாமலே அறுந்துவிடும். அதனால்தான் கிலோமீட்டர் கணக்கு. பல கார்களுக்கு 80,000-லிருந்து 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். கையேட்டில் வருடக் கணக்கும் போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதைப் பாருங்கள். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பர் சூட்டில் முதுமையடையும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பல கார்களில் தண்ணீர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. பம்ப் பழுதானால் மறுபடியும் அத்தனையும் கழற்ற வேண்டும், கூலி இரண்டு மடங்கு. கேம், கிராங்க் ஓரத்து சீலில் எண்ணெய் ஒழுகினால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

நான் தொழில் பழகிய பட்டறையின் மாமா ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். பெல்ட்டை மாட்டிக் குறிகளைச் சேர்த்த பிறகு, “கையால ரெண்டு சுத்து சுத்தாம சாவியத் தொடாத” என்பார். கிராங்கின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாக இரண்டு சுற்று. அப்போது கேம் ஒரு சுற்று முடித்து எல்லாம் தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கும். குறிகள் மறுபடியும் நேராக நின்றால் சரி. நடுவில் எங்காவது தட்டி நின்றால் எங்கேயோ தப்பு. கையால் சுற்றும்போது தட்டினால் திருத்திக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுற்றித் தட்டினால் வால்வு போச்சு. பதினான்கு வருடமாக நான் இதை ஒரு முறைகூட விட்டதில்லை.

சங்கிலி இருந்தால் கவலை இல்லையா?

“எங்க வீட்டுல மைவி, அதுல செயின்தானே” என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். 2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவியிலிருந்தே சங்கிலிதான். சங்கிலிக்கு மாற்றும் தவணை பொதுவாகக் கிடையாது. ஆனால் அது எஞ்சின் எண்ணெயில் குளித்துக்கொண்டே ஓடுகிறது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப் போட்டால் சங்கிலி தேய்ந்து நீளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி ‘கடகட’ என்று கேட்டால் அது ஒரு எச்சரிக்கை. பெல்ட் உள்ளவருக்குக் கடமை பல வருடத்துக்கு ஒரு முறை. சங்கிலி உள்ளவருக்கு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும்.

எண்ணெய் மிதி இல்லை, காற்று மிதி

இப்போது அடுத்த பாதி. நாம் ‘எண்ணெய மிதி’ என்று சொல்கிறோம். உண்மையில் பெட்ரோல் காரில் அந்த மிதி திறப்பது காற்றின் வாசலை. எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைச் சேர்ப்பது இன்னொருவரின் வேலை.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று. பெட்ரோல் கூடினால் கறுப்புப் புகை, வீண் செலவு. குறைந்தால் எஞ்சின் திணறும், சூடேறும்.

பழைய கார்களில் இதைப் பார்த்துக்கொண்டது கார்புரேட்டர். நடுவில் ஒடுங்கிய குழாய் வழியாகக் காற்று போகும். ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும், அந்தக் குறைந்த அழுத்தம் பெட்ரோலைச் சின்னத் துளை வழியாக உறிஞ்சும். பழைய சாகாவிலும் 1994-இல் வந்த முதல் கஞ்சிலிலும் இதுதான். அழகான கருவி, ஆனால் கண்ணில்லாத கருவி. எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, மலையில் ஏறுகிறதா, புகையில் என்ன மிச்சம் வருகிறது என்று அதற்கு ஒன்றும் தெரியாது. அப்பா காலத்தில் காலையில் ‘சோக்’ இழுத்து ஸ்டார்ட் செய்ததெல்லாம் அதனால்தான்.

அதன் இடத்தைப் பிடித்தது எரிபொருள் இன்ஜெக்‌ஷன். மின்னணு முறையில் இயங்கும் இன்ஜெக்‌ஷனை 1967-இல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. இன்று புதிய பெட்ரோல் கார் எதை எடுத்தாலும் இன்ஜெக்‌ஷன்தான்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. தொட்டிக்குள்ளே ஒரு மின் பம்ப் இருக்கிறது. அது பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்புகிறது. நம் டயரில் இருப்பது 2.2 பார் அளவுதான். ஆகவே பெட்ரோல் குழாயை அழுத்தம் இறக்காமல் கழற்றினால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும், தீயும் பிடிக்கலாம். தெரியாமல் கை வைக்காதீர்கள். அந்தப் பெட்ரோல் ஒரு பொதுக் குழாய்க்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறக்கும் ஊசி வாய். மின்சாரம் வந்தால் ஊசி தூக்கும், பெட்ரோல் பனி மாதிரி விசிறும். மின்சாரம் நின்றால் மூடும்.

அழுத்தம் எப்போதும் சீராக இருப்பதால், எவ்வளவு பெட்ரோல் என்பதை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அந்த நேரம் சில மில்லி வினாடிகள். ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1.5 லிட்டர் எஞ்சினில் மிதியை முழுக்க அமுக்கினால்கூட, ஒரு சிலிண்டருக்கு ஒரு முறை போவது ஒரு துளிக்கும் குறைவு. சாதாரண ஓட்டத்தில் அதிலும் ஒரு பங்குதான்.

யார் கணக்குப் போடுவது?

ஈ.சி.யு. என்ற சின்னக் கணினி. அதற்குப் பல உளவாளிகள் உண்டு. உள்ளே போகும் காற்றை ஒன்று அளக்கும். மிதி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஒன்று சொல்லும். தண்ணீர் சூட்டை ஒன்று சொல்லும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். கிராங்க் எங்கே இருக்கிறது, கேம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேர் சொல்வார்கள். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சர் உட்கார்ந்து, எரிந்தபின் மிச்சம் என்ன என்று மோப்பம் பிடிக்கும். “பெட்ரோல் கூடிப்போச்சு” என்றால் ஈ.சி.யு. குறைக்கும், “குறைஞ்சு போச்சு” என்றால் கூட்டும். ஓடும் நேரமெல்லாம் இந்தத் திருத்தம் நடந்துகொண்டே இருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அந்த 14.7-ஐ ஒட்டிய கலவையில்தான் நன்றாக வேலை செய்யும்.

பாடத்தின் இரண்டு பாதியும் இங்கேதான் ஒன்று சேர்கின்றன. இன்ஜெக்டர் எப்போது விசிற வேண்டும் என்பது கிராங்க், கேம் சென்சர்கள் சொல்லும் செய்தியைப் பொறுத்தது. பெல்ட் ஒரு பல் தாண்டினால் இரண்டு செய்தியும் ஒத்துப்போகாது. பல கார்களில் உடனே எஞ்சின் விளக்கு எரியும். ஆகவே அந்த மஞ்சள் விளக்கை டேப் ஒட்டி மறைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், அப்படி வந்த காரை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைக் குறைத்துப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் வெளியே போய் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

கருவி மாட்டி கோடு படிப்பவருக்கு ஒரு வார்த்தை. கோடு சொல்வது அறிகுறி, நோய் அல்ல. ‘பெட்ரோல் போதவில்லை’ என்று கோடு வந்தால், பம்ப் பலவீனமாக இருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், எங்காவது ஓட்டை வழியாக அளக்காத காற்று புகுந்திருக்கலாம். பார்த்தவுடன் சென்சரை மாற்றுகிறவர் போமன் இல்லை, சாமான் விற்கிறவர்.

இன்னொன்று. கெந்திங்கிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் இறங்கும்போது ‘எண்ணெய் மிச்சம்’ என்று ஃப்ரீ கியரில் விடுகிறவர்கள் உண்டு. இன்ஜெக்‌ஷன் காரில் கியரில் வைத்துக் காலை எடுத்தால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்வரை ஈ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும். ஃப்ரீயில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகும். அதோடு எஞ்சின் பிடித்து இழுக்கும் உதவியும் போய்விடும், பாரம் எல்லாம் பிரேக்கின் தலையில், பிரேக் காய்ந்தால் பிடிக்காது. மிச்சமும் இல்லை, உயிருக்கும் பயம்.

நம் கையில் இருப்பவை

ஒன்று, காரின் கையேட்டை எடுத்துப் பெல்ட்டா சங்கிலியா என்று பாருங்கள். பெல்ட் என்றால் கடைசியாக மாற்றிய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி போனட்டுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள்.

இரண்டு, செகண்ட் ஹேண்ட் வாங்கினால் பெல்ட் மாற்றிய சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

மூன்று, எப்போதும் தொட்டி வறண்டு ஓட்டாதீர்கள். தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

நான்கு, ரோன் 95 போதும் என்று கையேடு சொன்னால் 95 போதும். அந்த எண் நெருக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டுகிறது, சுத்தத்தையோ பலத்தையோ அல்ல.

ஐந்து, நெடுஞ்சாலையில் கார் நின்றால் அபாய விளக்கைப் போட்டுவிட்டு, எல்லாரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். காருக்குள் உட்காராதீர்கள்.

பூஜை என்பது எது வரைக்கும்?

இப்போது நான் ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே எங்கள் வட்டாரப் பிள்ளைகளைக் கோயில் பின்வாசலுக்கு வரச் சொல்கிறேன். பெரியவர்களின் கார் போனட்டைத் திறந்து எண்ணெய், தண்ணீர், டயர், பெல்ட் கணக்கு எல்லாம் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் சந்தனம், குங்குமம், பழம்.

எலுமிச்சம்பழத்தை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் என் காருக்கு வைக்கிறேன். ஆனால் நம் பெரியவர்கள் ஏரையும் அரிவாளையும் சும்மா படைக்கவில்லை. துடைத்து, தீட்டி, பிடி ஆடினால் ஆப்பு அடித்து, அதன் பிறகுதான் பொட்டு வைத்தார்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டி, பூஜைக்கு முதல் நாள் உளியைத் தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீட்டுதலும் பூஜைதான். நான் பொட்டு வைத்தேன், தீட்டவில்லை. ரிம்மைப் பார்த்தேன், பெல்ட்டை விட்டேன். அதற்கு அப்பா கொடுத்த விலை 2,600 வெள்ளி மட்டும் இல்லை.

“இனிமே கரண்டு கார்தானே, பெல்ட் எதுக்கு” என்று ஒரு தம்பி கேட்டான். மின்சாரக் காரில் டைமிங் பெல்ட்டும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை, உண்மை. ஆனால் இன்று ஓடும் பெட்ரோல் கார்கள் இன்னும் பல வருடம் ஓடும். அவற்றைப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். எஸ்.பி.எம்.மில் மார்க் குறைந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து படிப்படியாக டிப்ளோமா, அதற்கு மேலும் ஏறலாம். கை அழுக்காகும் தொழில் கீழான தொழில் இல்லை. வினாடிக்கு 25 முறை திறக்கும் கதவைத் தவறாமல் திறக்க வைப்பவன் சாதாரண ஆள் இல்லை.

அந்த அறுந்த பெல்ட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுப்பேன். தொட்டுப் பாருங்கள், எவ்வளவு லேசாக இருக்கிறது என்று.

கலந்து பேச

1. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஏன் ஒரே சுற்று சுற்ற வேண்டும்? உங்கள் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் விளக்குங்கள்.

2. பெல்ட் அறுந்த காரில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருப்பது ஏன் தவறு?

3. எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் ஓர் இன்ஜெக்டர் வினாடிக்கு எத்தனை முறை விசிறும்?

4. உங்கள் வீட்டில், கண்ணுக்குத் தெரிவதற்குச் செலவு செய்து, தெரியாததைத் தள்ளிப் போட்டது எது? கார் மட்டும் இல்லை, உடம்பையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்த வாரம் செய்ய: அப்பா அம்மாவோடு உட்கார்ந்து காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பெல்ட் தவணை தாண்டியிருந்தால், “பெறகு பாத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.